ஆந்தைக்கு வளையம் போடணும்னு ஆசையா? நெல்லைக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

வளையம்னா ஆள் அடையாளத்துக்காக பறவை கால்ல மாட்டுற, நம்பர் அடிச்ச சின்ன உலோக வளையம். நேரா விசயத்துக்கு வாரேன். நீங்க பாட்டுக்கு ஒரு வலைய வாங்கிட்டுப் போயி சேரன்மாதேவி பக்கம் வயக்காட்டுல கட்டி, மாட்டுன ஆந்தை கால்ல ஒரு வளையத்த மாட்டி விட்டா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல, கேசு. 1972ம் வருசத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கொல்லுறது மட்டும் வேட்டை இல்ல, புடிக்கதும் வேட்டைதான், வலை வைக்கதும் வேட்டைதான், புடிக்கப் பாத்தேன் மாட்டலங்கிறதும் வேட்டைதான். "நான் ஒண்ணும் பண்ணலியே சார், விட்டுட்டேனே"ன்னு ரேஞ்சர்ட்ட சொல்லி பிரயோஜனம் கெடையாது. ஆராய்ச்சிக்குன்னு புடிக்கணும்னா தலைமை வன உயிரினக் காப்பாளர் கையெழுத்துப் போட்ட அனுமதி வேணும், அது தனி ஆளுக்குச் சும்மா கெடைக்காது, ஒரு நிறுவனம், ஒரு திட்டம், பழகுன ஆளு எல்லாம் இருந்தாத்தான் பேச்சே.

இத ஏன் மொதல்லயே சொல்லுதேன்னா, ரீல்ஸ்ல உள்ளங்கை அளவு ஆந்தைய ஒருத்தர் கையில புடிச்சிக்கிட்டு நிக்கத பாத்துட்டு "அண்ணாச்சி, இத நம்ம ஊர்ல எங்க பண்ணலாம்"னு கேக்குற புள்ளைக ஜாஸ்தியாயிட்டு. ஆசை நல்லதுதான், தப்புச் சொல்லல. ஆனா அந்த வீடியோவுல வர்ற அரை நிமிசத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன நடக்குங்கிறத தெரிஞ்சிக்கிட்டு வாங்க. புடிக்கது இந்த சோலியில ரொம்பச் சின்னப் பங்கு, காத்துக் கெடக்கதும் நம்பரத் தப்பில்லாம எழுதுறதும் சேதாரமில்லாம விடுறதும்தான் மீதி எல்லாம்.

எதுக்கு வளையம்

ஒரு புள்ளி ஆந்தைக்கும் இன்னொரு புள்ளி ஆந்தைக்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது. வளையத்துல ஒரு நம்பர் இருந்தா இது இன்ன ஆளுதான்னு ஆயிருது. டென்மார்க்குல மார்ட்டன்சன்னு ஒரு வாத்தியார், 1899ல, நம்ம மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவையான ஸ்டார்லிங் கால்ல நம்பர் அடிச்ச அலுமினிய வளையம் போட்டு விட்டாரு, இப்ப உலகம் பூரா நடக்குற முறை அங்கருந்துதான் வந்துச்சு. நம்ம நாட்டுல பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி 1927லயே ஆரம்பிச்சிட்டாங்க, ஆனா பெரிய அளவுல நடந்தது 1959க்கு அப்புறம், சலீம் அலி காலத்துல. அப்ப பணம் கொடுத்தது யாருன்னு பாத்தா உலக சுகாதார நிறுவனம்! குருவிக்கும் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்னு தோணும், வலசை வர்ற பறவை மேல ஒட்டிக்கிட்டு வர்ற உண்ணி வழியா காய்ச்சல் பரவுதான்னு பாக்கணும்னு அவங்களுக்கு ஒரு கவலை. அப்படி வளையம் போட்ட இடங்கள்ல நம்ம கோடிக்கரையும் ஒண்ணு, இன்னைக்கும் அங்க அந்த சொசைட்டியோட நிலையம் இருக்கு.

ஆந்தை விசயத்துல வளையம் இன்னும் முக்கியம், ஏன்னா ராத்திரி போறத யாரும் கண்ணால எண்ண முடியாது. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் சா-வெட் ஆந்தைன்னு ஒரு குட்டி ஆந்தை, ரொம்ப நாளா அத அபூர்வம்னும் பெருசா எங்கயும் போகாதுன்னும் நெனச்சிக்கிட்டு இருந்தாங்க. அக்டோபர், நவம்பர்ல வலை கட்டிப் பாத்த பொறகுதான் வருசா வருசம் ஆயிரக்கணக்குல வடக்கேருந்து தெக்கே எறங்குதுன்னு தெரிஞ்சுது. இப்ப அங்க நூத்துக்கு மேல எடத்துல ஒரே முறையில வலை கட்டுதாங்க, அந்த வலைப்பின்னலுக்கு புராஜக்ட் ஆவுல்நெட்னு பேரு.

நம்ம பக்கம் என்ன ஆந்தை இருக்கு

நம்ம ஊரு ஆந்தைகள்ல முக்காவாசி எங்கயும் போறதில்ல. பனவிளையிலயும் வேப்ப மரப் பொந்துலயும் சாயங்காலம் கிறீச் கிறீச்னு சண்டை போடுற புள்ளி ஆந்தை வருசம் முழுக்க அதே மரந்தான். கோயில் கோபுரத்துலயும் மூடிக் கெடக்குற மில்லுலயும் இருக்க வெள்ளை மூஞ்சிக் கூகையும் அப்படித்தான். பொத்தைகள்லயும் கைவிட்ட கல்குவாரியிலயும் கொம்பன் ஆந்தை இருக்கும், கருக்கல் நேரத்துல பாறை உச்சியில ரெண்டு கொம்பு தெரிய உக்காந்து 'பூ...ஹூ'ன்னு ஒரு சத்தம் போடும் பாருங்க, கேட்டா மறக்காது. தாமிரபரணிக் கரையில பெரிய மருத மரங்கள்ல மீன் ஆந்தை. பாபநாசத்துக்கு மேல, மாஞ்சோலைப் பக்கம் காட்டு ஆந்தைக வேற, ஆனா அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், ராத்திரி உள்ள போறத மறந்துருங்க.

வலசை வர்றதுன்னா நமக்கு முக்கியமானது குட்டைக்காது ஆந்தை. குளிர்காலத்துல வடக்கே தூர தேசத்துலருந்து இந்தியாவுக்கு வர்றது, மத்த ஆந்தை மரத்துல தூங்குனா இது தரையில, புல்லுக்குள்ள படுத்துத் தூங்கும். பூனைப்பருந்துன்னு வலசை வர்ற பருந்துக வந்து தங்குற தரிசும் புல்வெளியும் எங்க இருக்கோ அதே மாதிரி எடந்தான் இதுக்கும் புடிக்கும். கங்கைகொண்டான் பக்கத்து தரிசோ, நாங்குநேரி வள்ளியூர்ப் பக்கத்து வெட்டவெளியோ, ஒடைமரம் ஒண்ணு ரெண்டு நிக்கும், மீதி பூரா காஞ்ச புல்லு, 'இங்கன என்ன இருக்கப் போகுது'ன்னு பஸ்ஸுல போறவங்க திரும்பிக்கூடப் பாக்காத எடங்க இருக்கு பாத்தீங்களா, அதான் இந்த ஆந்தைக்கு வேண்டிய வீடு. பிளாட் போட்டு கல்லு நட்டா போச்சு.

வழி எப்படி

சுருக்கமா வழி இதான்: பறவை பாக்கப் பழகணும், ஒரு குழுவோட ஒட்டணும், வளையம் போடத் தெரிஞ்ச ஆளுக்குக் கீழ பகல் பறவையில கை பழகணும், கடைசியாத்தான் ஆந்தை. யாரும் மொத நாளே ஆந்தையக் கையில கொடுக்க மாட்டாங்க, கொடுத்தா அந்த எடத்துல நிக்காதீங்க.

ஒட்டுறதுக்கு நம்ம பக்கத்துல நல்ல வாய்ப்பு ஜனவரி மாசம் நடக்குற தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு. மணிமுத்தாறுல இருக்க அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் நடத்துதாங்க, காலேஜ் புள்ளைகளையும் சேத்துக்கிடுதாங்க. ஆந்தைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நெனைக்காதீங்க. வெள்ளன அஞ்சு மணிக்கு எந்திரிச்சு குளத்தங்கரையில நிக்கதும், பாத்தத அப்பவே எழுதுறதும், தெரியாதத 'தெரியல'ன்னு எழுதுறதும் அங்கதான் பழகும். வளைய நிலையத்துல உங்ககிட்ட எதிர்பாக்கதும் அதேதான்.

படிப்புன்னா விலங்கியல் இருந்தா நல்லது, கட்டாயம்னு இல்ல. இதுலயே இறங்கணும்னா மயிலாடுதுறை ஏவிசி காலேஜ்ல வனவிலங்கு உயிரியல் இருக்கு, கோயம்புத்தூர் ஆனைகட்டியில சலீம் அலி மையம் இருக்கு, டேராடூன்ல இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கு. மேல்படிப்புக்கு அமெரிக்கா, கனடா போற நம்ம புள்ளைகளுக்கு இன்னும் லேசான வழி உண்டு, அங்க ஆந்தை வலை கட்டுற எடத்துல பல இடங்கள்ல வாலண்டியர் சேத்துக்கிடுவாங்க, சில எடத்துல பொதுஜனம் வந்து பாக்கவும் விடுவாங்க. அங்கயும் சட்டம் உண்டு, அமெரிக்காவுலன்னா மேரிலாண்டுல இருக்க பறவை வளைய ஆய்வகம், 1920லருந்து நடக்குறது, அவங்க அனுமதி வாங்குன ஆளுக்குக் கீழதான் வேல. நீங்க போனா மொத சீசன் நோட்டு எழுதுவீங்க, வலைக் கம்பு தூக்குவீங்க. அதுல ஒரு கேவலமும் இல்ல.

வீட்டுலயும் சொல்லி வைங்க. 'ஆந்தை அலறுனா வீட்டுக்கு ஆகாது'ன்னு ஆச்சி சண்டைக்கு வருவாங்க, அவங்ககிட்ட தர்க்கம் பண்ணாதீங்க, வயக்காட்டுல எலியப் புடிக்கதே அதுதான்னு தாத்தாவ விட்டுச் சொல்லச் சொல்லுங்க, விவசாயம் பாத்த ஆளுக்குத் தெரியும். டிடி ஊசியும் போட்டுக்கிடுங்க, நகம் கீறாம இந்த வேல பழக முடியாது.

வலை கட்டுற ராத்திரி

இனிமே சொல்லுறது சா-வெட் ஆந்தைக்கு அமெரிக்கா, கனடாவுல நடக்குற முறை, ஏன்னா வலசை ஆந்தைக்குன்னு நல்லாப் பழகித் தேறுன முறை இதுதான்.

வலைன்னா கருப்பு நைலான், மயிரு கணக்கா மெல்லிசு, மிஸ்ட் நெட்னு சொல்லுவாங்க. இது ஜப்பான்காரங்க குருவி புடிச்சுத் திங்கதுக்கு வச்சிருந்த வலை, ரெண்டாம் உலக யுத்தத்துக்குப் பொறகுதான் ஆராய்ச்சிக்காரங்க கைக்கு வந்துச்சு. ஒரு வலை 12 மீட்டர் நீளம், ரெண்டரை மீட்டர் சொச்சம் ஒசரம், சின்ன ஆந்தைக்கு கண்ணி 60 மில்லிமீட்டர். குறுக்கால கயிறு ஓடும், கயிறுக்குக் கயிறு வலை தொய்வாத் தொங்கி பை விழுந்திருக்கும், ஆந்தை மோதுனா அந்தப் பையில விழுந்து கெடக்கும். இழுத்து விறைப்பாக் கட்டுனா மோதித் தெறிச்சுப் போயிரும், ரொம்பத் தொய்வா விட்டா தரையில தட்டும். கீழ் பை தரையிலருந்து நல்லா தூக்கி இருக்கணும், கீழ இருக்க குச்சி, முள்ளு, எல வெட்டிச் சுத்தமா வைக்கணும். பகல்லயே கட்டிப் பாத்து சுருட்டி வச்சிருங்க, இருட்டுல மொத தடவ கட்டுனா முடிச்சு அவுக்கவே விடிஞ்சிரும்.

பொழுது நல்லா அடஞ்ச பொறகு வலைய விரிச்சு, நடுவுல ஒரு ஸ்பீக்கர வச்சு ஆண் ஆந்தையோட சத்தத்த திரும்பத் திரும்ப ஓட விடுவாங்க, டூட் டூட் டூட்னு ஒரே சுருதி, மணிக்கணக்குல. மாட்டுறது பெரும்பாலும் பொட்டை ஆந்தைதான், அதனால 'இந்த வருசம் பொட்டைதான் ஜாஸ்தி வந்திருக்கு'ன்னு அவசரப்பட்டு எழுதிறக் கூடாது, சத்தத்துக்கு யாரு வாராங்கங்கிற கணக்கும் அதுல கலந்திருக்கு.

அப்புறம் காத்திருக்கணும். அரைமணி நேரத்துக்கு ஒருதரம், மிஞ்சிப் போனா ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் வலையப் போயிப் பாத்தே ஆகணும், தூக்கம் வருது குளுருது டீ ஆறிரும்ங்கிறதெல்லாம் ஒரு காரணமே இல்ல. மழ தூறுனா அந்தாக்ல வலையச் சுருட்டணும், நனைஞ்ச ஆந்தை குளுருல செத்துரும். காத்து பலமா அடிச்சாலும் மூடணும். முழு நிலா வெளிச்சத்துல மாட்டுறது கொறையும், வலை அதுக்குத் தெரியும்னு சொல்லுதாங்க, வெளிச்சத்துக்குப் பயந்து அது நடமாட்டத்தக் கொறைக்குன்னும் சொல்லுதாங்க. பெரிய சாதி ஆந்தை ஏதாவது பக்கத்துல கூவுனா ஸ்பீக்கர நிறுத்திட்டு வலைக்குப் பக்கத்துலயே நிக்கணும், இல்லன்னா வலையில மாட்டுன சின்னத அது தின்னுட்டுப் போயிரும், நெசமா நடக்குறதுதான்.

எத்தன மாட்டுச்சுங்கிறத விட எத்தன வலை எத்தன மணி நேரம் விரிச்சிருந்துச்சுங்கிறத விடாம எழுதணும். ஒண்ணுமே மாட்டாத ராத்திரியையும் எழுதணும். புதுசா வர்றவங்க இதத்தான் விட்டுருவாங்க, "ஒண்ணும் வரலியே, என்னத்த எழுத"ம்பாங்க. வராததும் கணக்குதான், அது இல்லாம போன வருசத்தையும் இந்த வருசத்தையும் ஒப்பிடவே முடியாது.

வலையிலருந்து எடுக்கது

இந்த எடத்துல பைய போகணும். மொதல்ல எந்தப் பக்கத்துலருந்து வலைக்குள்ள வந்துச்சுன்னு பாருங்க, வந்த பக்கமே நின்னு எடுக்கணும். ஆந்தைக்கு காலுதான் மொத. நாலு வெரலும் வலையக் கூட்டிப் புடிச்சிருக்கும், அத இழுத்தா இன்னும் இறுக்கும், காலு மடங்கி இருக்க வரைக்கும் வெரல் பூட்டுன மாதிரி நிக்கும். அதனால காலப் பைய நீட்டணும், நீட்டுனா வெரல் தானா லேசாகும், அப்ப ஒவ்வொரு இழையா எடுக்கலாம். உங்க வெரலையே அது புடிச்சிக்கிட்டாலும் இதேதான் மருந்து, கையை உதறக் கூடாது, கத்தவும் கூடாது. காலு ரெண்டும் வெளிய வந்தா கணுவுக்கு மேல ரெண்டையும் சேத்துப் புடிச்சிக்கிட்டு, அப்புறம் றெக்கை, கடைசியா தலை. சிக்கு ரொம்ப இருந்து உங்களால ஆகலன்னு தோணுனா பெரியவங்களக் கூப்புடுங்க, அவங்களும் முடியாட்டா வலைய அறுத்துருவாங்க. வலை போனா போகுது.

எடுத்தத துணிப் பையில போட்டு வாய கட்டி, வளையம் போடுற கூடாரத்துக்குக் கொண்டு வரணும். ஒரு பைக்கு ஒரு ஆந்தை. இருட்டுக்குள்ள போட்டா அதுவும் அமைதியாயிரும். பையத் தரையில வைக்காதீங்க, யாராவது மிதிச்சிருவாங்க, கொக்கியில மாட்டுங்க.

வளையம் போடுறது

வளையத்துல ரெண்டு விசயம்: அளவு சரியா இருக்கணும், நல்லா மூடணும். எந்த ஆந்தைக்கு என்ன அளவுன்னு அட்டவணை உண்டு, ஆனா ஒவ்வொரு காலையும் அளந்து பாத்துத்தான் போடுவாங்க, அதுலயும் ஆந்தைக் காலுல மயிரு இருக்கும், அதையும் சேத்துப் பாக்கணும். அதுக்குன்னு குழி விட்ட ஒரு குறடு இருக்கு, வளையத்த அந்தக் குழியில வச்சு காலச் சுத்திக் கொண்டு வந்து ஒரு அமுக்கு, அப்புறம் குறட்டத் திருப்பி இன்னொரு அமுக்கு. ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு சேந்து நிக்கணும். நகத்த வச்சுத் தடவிப் பாருங்க, இடுக்கு தட்டக் கூடாது, தட்டுனா அதுல நூலு மாட்டும், புல்லு மாட்டும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிருச்சுன்னா இன்னும் ஆபத்து, கால அறுத்துரும். சரியாப் போட்ட வளையம் கால்ல மேலயும் கீழயும் ஓடும், சுத்திச் சுத்தி வரும், ஆனா மூட்டத் தாண்டாது. பெரிய ஆந்தைக அலகால கடிச்சே அலுமினியத்தப் பிரிச்சுரும், அதுகளுக்குப் பூட்டு வச்ச வளையம் தனியா உண்டு.

நம்பர மாட்டுறதுக்கு முன்னாடி ஒருத்தர் வாசிக்கணும், எழுதுறவர் திருப்பி வாசிக்கணும், மாட்டுன பொறகு கால்லருந்தே இன்னொரு தரம் வாசிக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு 6ம் 8ம் ஒண்ணாத்தான் தெரியும். ஒரு நம்பர் தப்புன்னா அந்த ஆந்தைய அவ்வளவு தொந்தரவு பண்ணதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிருது.

அளவும் ஊதா லைட்டும்

றெக்கை நீளம், வாலு நீளம், எடை. எடை பாக்க ஒரு டப்பாவுக்குள்ள தலைகீழா விட்டு தராசுல வைப்பாங்க, கேலியா இருக்கும், ஆனா அது ஆடாம கெடக்கும். சா-வெட் பெரும்பாலும் 75லருந்து 110 கிராமுக்குள்ளதான், பொட்டை கனம், ஆண் லேசு, எடையையும் றெக்கையையும் சேத்து வச்சுத்தான் ஆணா பொண்ணான்னு முடிவு பண்ணுதாங்க, ரெண்டுக்கும் நடுவுல வந்தா 'தெரியாது'ன்னு எழுதிருவாங்க.

வயசு பாக்கதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச கட்டம். ரூவா நோட்டு கள்ளமா நல்லதான்னு பாக்க கடையில வச்சிருப்பாங்களே அந்த ஊதா லைட்டு, அத எடுத்துக்கிட்டு மத்த எல்லா லைட்டையும் அணைச்சிட்டு, றெக்கைய விரிச்சு அடிப்பக்கமா காட்டுவாங்க. புது எறகு பளிச்சுன்னு ரோஸ் கலர்ல ஜொலிக்கும். எறகுக்குள்ள போர்ஃபைரின்னு ஒரு பொருளு இருக்கு, அது வெயில் படப்பட அழிஞ்சிரும், அதனால பழைய எறகு மங்கித் தெரியும். எல்லா எறகும் ஒரே அளவுக்கு ஜொலிச்சா இந்த வருசம் பொறந்த குஞ்சு, எல்லாம் ஒண்ணாவே முளச்சது. நடுவுல சிலது ஜொலிச்சு சிலது மங்கலா, கட்டம் கட்டமா இருந்தா மூத்தது, வருசத்துக்குக் கொஞ்சமா மாத்திக்கிட்டு வந்திருக்கு. பகல்ல பாத்தா எல்லாம் ஒரே பழுப்புதான்.

ஆந்தையப் புடிக்கும்போது ரெண்டு காலையும் சேத்து, வாலையும் றெக்கை நுனியையும் அடக்கி, ஐஸ்கிரீம் கோன் புடிக்க மாதிரி. நெஞ்ச அமுக்கவே கூடாது, நெஞ்சு விரிஞ்சாத்தான் அதுக்கு மூச்சு. வாயத் தொறந்து இளச்சாலோ, கண்ண மூடி மூடித் தொறந்தாலோ அளவெல்லாம் அப்படியே போட்டுட்டு விட்டுரணும். போட்டோ? வேல முடிஞ்ச பொறகு ஒண்ணு, பிளாஷ் இல்லாம. அஞ்சு பேரு மாத்தி மாத்தி செல்பி எடுக்குற எடமா இருந்தா அங்க கத்துக்கிட ஒண்ணும் இல்ல.

விடுறது

கூடாரத்து வெளிச்சத்துல இருந்தத அப்படியே வெளிய விட்டா மரத்துல மோதும். பத்து நிமிசமாவது இருட்டுல வச்சிருந்து, கண்ணு பழகுன பொறகு, மரம் பக்கத்துல கொண்டு போயி கையில ஒக்கார வச்சிட்டு சும்மா நிக்கணும். தூக்கிப் போடக் கூடாது. சிலது அந்தாக்ல போயிரும், சிலது கையிலயே ரெண்டு நிமிசம் ஒக்காந்து தலையத் திருப்பித் திருப்பிப் பாக்கும், அது இஷ்டம். போன நேரத்தையும் எழுதிருங்க.

புடிக்கிற அனுமதி வேண்டாத வேல, இங்கயே, இந்த வாரமே

வளையம் போட வருசக்கணக்காகும். அதுவரைக்கும் சும்மா இருக்கணுமா? நம்ம பக்கத்துல பண்ணுறதுக்கு வேல கெடக்கு, யாரும் பண்ணல.

உங்க தெருவுல, காலேஜ்ல, பனவிளையில எத்தன பொந்துல புள்ளி ஆந்தை இருக்குன்னு சாயங்காலம் நடந்து எண்ணுங்க. ஒரே பாதை, ஒரே நேரம், மாசத்துக்கு ஒருதரம். பறவைக் கணக்க ஏத்துற ஈபேர்டு இணையதளத்துல ஏத்துங்க, சத்தம் தெரியலன்னா பறவைச் சத்தத்த அடையாளம் சொல்லுற மெர்லின் ஆப்ல ரெக்கார்டு பண்ணிப் பாருங்க, அது சொல்லுறத அப்படியே நம்பிறாதீங்க. கூடு இருக்க பொந்து எந்த மரம்னு மட்டும் வாட்ஸ்அப் குரூப்புல போடவே போடாதீங்க, மாந்திரீகத்துக்குன்னு ஆந்தைக்கு வெல பேசுற ஆளுக இன்னும் இருக்காங்க.

அப்புறம் கக்கல். ஆந்தை எலிய முழுசா முழுங்கிட்டு மயிரையும் எலும்பையும் உருண்டையாக் கக்கிரும். கூகை தங்குற கோபுரத்துக்குக் கீழ, பழைய குடோன் மூலையில கருப்பா பெருவெரல் மொத்தத்துல கெடக்கும். மொதல்ல எடத்துக்காரங்கிட்டயும் வனத்துறைகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க. முகமூடியும் கையுறையும் போட்டு எடுத்து, காய வச்சு, வெதுவெதுப்பான தண்ணியில ஊறப் போட்டு ஒரு ஊசிய வச்சுப் பிரிச்சா எலி மண்டை ஓடு, தாடை, சுண்டெலிப் பல்லுன்னு ஒவ்வொண்ணா வரும், ஒரே உருண்டையில ரெண்டு மூணு மண்டை ஓடுகூட வரும். பிசான நெல்லு அறுப்புக்கு முன்னாடி எடுத்த கக்கலையும் அறுத்த பொறகு எடுத்ததையும் தனித்தனியா வச்சுப் பாத்தா வயக்காட்டுல எலி நெலவரம் என்னன்னு ஒரு எம்எஸ்சி புராஜக்ட்டே பண்ணலாம்.

குட்டைக்காது ஆந்தைக்கு மார்கழி, தையில தரிசுக் காட்டோரம், சாயங்காலம் அஞ்சரைக்கு ரோட்டுலயே பைக்க நிறுத்திட்டு பைனாகுலர்ல பாருங்க. பொழுது சாயச் சாய பூனைப்பருந்துக எறங்கும், அதுக எறங்குற நேரத்துல இது எந்திரிக்கும், நீளமான றெக்கைய மெத்து மெத்துன்னு அடிச்சு புல்லுக்கு மேலயே தாழப் பறக்கும், மஞ்சக் கண்ணச் சுத்தி மை பூசுன கருப்பு. புல்லுக்குள்ள எறங்கி நடந்து கெளப்பாதீங்க, எந்திரிச்ச ஆந்தைய பகல்ல காக்கா விடாமத் துரத்தும். ஸ்பீக்கர்ல சத்தம் போட்டு கூப்புடுறதும் வேண்டாம், அது வளைய நிலையத்துல அனுமதியோட பண்ணுறது.

ராத்திரி போறதா இருந்தா ரெண்டு பேரா, ஷூ போட்டு, டார்ச்சு அடிச்சு. விரியன் வரப்புலதான் கெடக்கும். ஊர்க்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிருங்க. ஒரு தடவ வயக்காவலுக்கு நின்ன பெரியவர் டார்ச்ச மூஞ்சியில அடிச்சு, "யாருல அது, ஆடு களவாங்க வந்தியளா"ன்னாரு. "இல்ல பெரியப்பா, ஆந்தை பாக்க வந்தோம்"னதும் ஒரு நிமிசம் ஒண்ணும் பேசல, அப்புறம், "ஆந்தைய எதுக்குல்ல பாக்கிய, அதுல்லா நம்மளப் பாக்கும்"னுட்டு, பம்ப்செட்டு ரூமுக்கு மேல கூகை தங்குற எடத்தக் கையக் காட்டிட்டுப் போனாரு. நாங்க கண்ட நல்ல எடம் பாதி இப்படி யாராவது காட்டுனதுதான்.

வளையம் போட்ட பறவை கண்ணுல பட்டா

கூந்தன்குளம், நயினார்குளம், விஜயநாராயணம்னு குளத்துக்குக் குளம் போறவங்களுக்கு இது எப்பவாவது அமையும். மங்கோலியாவுல கழுத்துப்பட்டை மாட்டுன வரித்தலை வாத்து தென்னிந்தியக் குளங்கள்ல தெரிஞ்சிருக்கு, அதனால வாத்துக் கூட்டத்தப் பாக்கும்போது கழுத்தையும் கால்களையும் ஒரு பார்வ பாருங்க. கழுத்துல பட்டையோ கால்ல கொடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்க துண்டோ இருந்தா என்ன கலரு, எந்தக் காலு, முட்டிக்கு மேலயா கீழயா, எழுத்து என்ன, எழுத்து என்ன கலரு, இத்தனையும் எழுதி, ஜூம் பண்ணி போட்டோ எடுங்க.

உலோக வளையம் தூரத்துல வாசிக்க முடியாது. ரோட்டுல அடிபட்டோ காத்தாலை றெக்கையில பட்டோ செத்துக் கெடக்குறதுலதான் பெரும்பாலும் கையில கெடைக்கும். நம்ம நாட்டு வளையம்னா 'இன்ஃபார்ம் பாம்பே'ன்னு தொடங்கி சொசைட்டி பேரும் நம்பரும் அடிச்சிருக்கும், வேற நாடுன்னா அந்த நாட்டு நிலையத்தோட பேரு இருக்கும். நம்பருக்கு முன்னாடி இருக்க எழுத்தையும் விடாம எழுதுங்க, தேதி, எடம், எந்த நெலமையில கெடந்துச்சுன்னும் எழுதுங்க. உயிரோட அடிபட்டுக் கெடந்தா வளையத்தக் கழட்டக் கூடாது, அட்டைப்பெட்டியில காத்துக்கு ஓட்ட போட்டு இருட்டுல வச்சு வனத்துறைக்குச் சொல்லுங்க, தண்ணி ஊட்டுறேன் சோறு ஊட்டுறேன்னு வாயத் தொறக்காதீங்க. செத்துட்டுன்னாலும் ஒடம்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது, அதுவும் சட்டப்படி தப்பு, இருந்த எடத்துலயே வளையத்த எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் படம் புடிச்சிட்டு பாரஸ்டருக்குப் போன் பண்ணுங்க. அப்புறம் மும்பை சொசைட்டிக்கு ஒரு மெயில், வெளிநாட்டு வளையத்தையும் அவங்ககிட்டயே சொல்லலாம், யாரு போட்டதுன்னு விசாரிச்சுச் சொல்லுவாங்க. பதிலுக்கு மாசக்கணக்குல ஆனாலும் ஆகும், மெயில அழிச்சிறாதீங்க.